பித்தளைப் புள்ளி

ஆகஸ்ட் 4, திங்கள்

கட்டில் தலைமாட்டுக்குத் தாமரை செதுக்கி முடித்தேன். ஒன்றின் இதழில் கறுப்பு ரேகை ஓடுகிறது. மரம் வாங்கியவனுக்குக் கண் இல்லை. பாலிஷ் போட்டால் மறைந்துவிடும் என்கிறார்கள். இந்த ஊரில் எல்லாவற்றையும் பாலிஷ் போட்டுத்தான் மறைக்கிறார்கள்.

மதியம் பட்டறை முதலாளி இசக்கியம்மாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு நீளக் காகிதச் சுருள்.

"சார், பெரிய ஆர்டர் வந்துருக்கு. கேட்டுட்டு உளியத் தூக்கி எறியக் கூடாது."

"எறியற மாதிரி அப்படி என்ன ஆர்டர்?"

"உங்க பழைய காலேஜு."

உளியை நான் எறியவில்லை. மேசைமேல் வைத்தேன். கொஞ்சம் வேகமாக வைத்திருக்கலாம்.

கல்லூரியில் புதிய கலையரங்கம் கட்டியிருக்கிறார்களாம். மேடையில் தாளாளர் உட்கார ஒரு தேக்கு நாற்காலி வேண்டும். அது பிடித்துப்போனால் அரங்கத்தின் கதவு, மேடைப் பலகை, மேசை எல்லா வேலையும் இசக்கியம்மாளுக்கே வரும். நாற்காலியின் முதுகுப் பலகை உச்சியில் கல்லூரிச் சின்னத்தைச் செதுக்கிப் பொருத்த வேண்டும்.

"உங்க கைதான் வேணும்னு பிரின்சிபால் சார் பேரச் சொல்லியே கேட்டுருக்காரு. பெருமைதான?"

பிரின்சிபால் என்றால் நல்லபெருமாள். என்னோடு ஒரே நாளில் தமிழ்த்துறையில் சேர்ந்தவன். பல ஆண்டுகள் என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன். இன்று அவன் கல்லூரியை நடத்துகிறான். நான் அவர்களுடைய நாற்காலிக்குப் பூ செதுக்க வேண்டும். பேரைச் சொல்லிக் கேட்கிறானாம். பழிவாங்குவதற்கு இப்படியும் ஒரு நாகரிகமான வழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்காது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

சுருளை வீட்டில் விரித்துப் பார்த்தேன். குத்துவிளக்கு, திறந்த புத்தகம், இரண்டு பக்கமும் நெற்கதிர். கீழே சுருண்ட நாடாவில் கல்லூரியின் குறிக்கோள்:

அறிவை தேடு.

அதே பிழை. ஐம்பது ஆண்டுகளாக அதே பிழை. இரண்டாம் வேற்றுமை உருபு விரிந்து வந்தால் வல்லினம் மிகும். அறிவைத் தேடு. ஆறாம் வகுப்புப் பிள்ளை இதில் மதிப்பெண் இழப்பான். கல்லூரி இழக்கவில்லை. வாசல் வளைவில், பட்டச் சான்றிதழில், மாணவர்களின் சட்டைப் பையில், எங்கும் ஒற்று இல்லாமல் நிற்கிறது.

நிறுவனர் தம் கையால் எழுதியதாம். அதனால் தொடக் கூடாதாம். நிறுவனர் மரக்கடை வைத்திருந்தவர். அவர் ஒற்றை விட்டதில் குற்றம் இல்லை. அவருக்குக் கீழே சம்பளம் வாங்கிய தமிழாசிரியர் ஒருவருக்கும் வாய் இல்லாமல் போனதுதான் குற்றம்.

எனக்கு இருந்தது. நிறுவனர் நாளில் நன்றியுரை சொல்ல மேடையேற்றினார்கள். நன்றி சொன்னேன், ஒற்றையும் சொன்னேன், ஒலிபெருக்கியில். மறுநாள் இடைநீக்கம். விசாரணையில் நல்லபெருமாளைக் கூப்பிட்டு, இலக்கணம் அறிந்தவர் என்ற முறையில் உங்கள் கருத்து என்ன என்று கேட்டார்கள். அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"வழக்கில் இரண்டும் உண்டு."

மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வெளியே வந்தேன். எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த வாக்கியம் இன்னும் என் காதில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

என் மனைவி ஆவுடை காப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் படத்த ரெண்டு நாளா மொறச்சிட்டே இருக்கியளே, அது என்ன பதிலா சொல்லப் போவுது?"

"உனக்குப் புரியாது."

"எனக்கா? அந்த ஒரு எழுத்த நான்தான எட்டு வருசமா சோறு போட்டு வளக்கேன்."

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அவள் தலைமையாசிரியை. எதிரில் இருப்பவர் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட வேண்டும் அவளுக்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மகள் புனேயிலிருந்து அனுப்பிய செய்தியில் மூன்று பிழை. திருத்தி அனுப்பினேன். பதில் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வேலையை ஒப்புக்கொண்டேன். இசக்கியம்மாளுக்கு ஆச்சரியம்.

"வேண்டாம்னு சொல்லிருவியன்னு நெனச்சேன். நாகர்கோயில்காரன் ஒருத்தன் இந்த ஆர்டருக்கு நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்கான். இது கைய விட்டுப் போச்சுன்னா தீபாவளிக்கு நம்ம பட்டறையில வெடி இல்ல, பூட்டுதான்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்றாலும் விளையாட்டு இல்லை. அவர் கணவர் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அந்தம்மாள் ஒருத்திதான் இதை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

நான் ஒப்புக்கொண்ட காரணம் அவருக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டேன். ஒற்றோடு செதுக்கப் போகிறேன். காகிதத்தில் எழுதினால் கிழிப்பார்கள். மேடையில் பேசினால் ஒலிபெருக்கியை நிறுத்துவார்கள். தேக்கில் செதுக்கினால் என்ன செய்வார்கள்? பார்க்கலாம்.

இசக்கியம்மாளை ஏமாற்றுகிறேனா என்று ஒரு கேள்வி வந்தது. பிழையைச் செதுக்கிக் கொடுப்பதுதான் ஏமாற்று. அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

நாடாவில் இடம் இல்லை. அ, றி, வை, தே, டு. ஐந்து எழுத்தும் கால்நீட்டி உட்கார்ந்திருக்கின்றன. ஆறாவதாக ஒன்று வர வேண்டுமென்றால் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுங்க வேண்டும். பேருந்தில் முகம் தெரியாதவர்கள்கூடச் செய்வதுதான். கல்லூரியில் எனக்காக ஒருவரும் ஒதுங்கவில்லை.

றகரத்தின் வயிற்றைக் குறுக்கினேன். ஐகாரக் குறியின் இரண்டு சுழிகளையும் நெருக்கினேன். டு-வின் வாலை நாடாவின் மடிப்புக்குள் விட்டேன். த் உட்கார்ந்துவிட்டது. இடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரியே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்த மாதிரி இருக்கிறது.

பெட்டிக்கடைப் பலகையில் "இங்கு ஜெராக்ஸ் எடுக்கபடும்". திரும்பி வரும்போது கடைக்காரனிடம் சொன்னேன். "அப்ப நீங்க வேற கடைக்குப் போங்க" என்றான்.

ஆகஸ்ட் 16, சனி

விளக்கும் புத்தகமும் முடிந்தன. கதிர்மணிகளைச் சின்ன வளைவு உளியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மரச் சுத்தியால், அதாவது கொட்டாப்புளியால், தட்டக் கூடாது. உள்ளங்கையால்தான் தள்ள வேண்டும். தட்டினால் மணி தெறிக்கும். கோபத்தோடு செய்யும் வேலை இல்லை இது என்று, கல்லூரியை விட்டபின் சேர்ந்த மரச்செதுக்குப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். இரத்த அழுத்தத்துக்காகத்தான் அந்த வகுப்பில் சேர்ந்தேன். அழுத்தம் குறையவில்லை. வேலை வந்துவிட்டது.

எழுத்துகளைச் சுற்றிலும் மரத்தை எடுத்து, எழுத்து மட்டும் மேலே எழும்பி நிற்கும்படி செய்கிறேன். பள்ளமாக வெட்டினால் எளிது. ஆனால் பள்ளத்தை மெழுகு வைத்து அடைத்துவிடலாம். எழும்பி நிற்பதை அடைக்க முடியாது.

இசக்கியம்மாள் குனிந்து பார்த்தார். எழுத்தைப் பார்த்தாரா, வேலையைப் பார்த்தாரா தெரியவில்லை.

"இந்தப் புள்ளி மூக்குத்தி மாதிரியில்லா இருக்கு. இத்தினிக்கூண்டு. உதுந்துராது?"

"உதிராது."

"கொஞ்சம் தடிமனா விட்டா என்ன சார்? கூட வேல பாக்கவங்க எல்லாரும், சின்னதா நிக்கிற மரத்துக்கு நார் பிடிப்பு இருக்காதுன்னு சொல்லுவாங்கல்லா."

"அச்சுல எப்படி இருக்குமோ அப்படி இருக்கணும். ஒற்றுமேல பூசணிக்காயையா வைக்க முடியும்?"

"வச்சா திருஷ்டி கழியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புள்ளியை இன்னும் கொஞ்சம் உருட்டி, அடியையும் சுத்தமாகத் தோண்டி எடுத்தேன். இப்போது காற்றில் நிற்பது போல நிற்கிறது. இவ்வளவு வட்டமான புள்ளியை இந்த மாவட்டத்தில் யாரும் மரத்தில் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாற்காலி முழுமையாக நிற்கிறது. பாலிஷ் காய்கிறது. ஆள்கள் சுற்றி வந்து பார்க்கிறார்கள். ஒருவரும் எழுத்தைப் படிக்கவில்லை. தமிழ்நாட்டில் எதையும் மறைக்க வேண்டுமென்றால் தமிழில் எழுதினால் போதும்.

நாளை மதியம் பிரின்சிபால் பார்க்க வருகிறாராம். மாலையே வண்டியில் ஏற்றிவிட வேண்டுமாம். நான் நாளை விடுப்பு என்றேன்.

"அதெல்லாம் முடியாது சார். எதாவது கேட்டா நான் என்னத்தச் சொல்ல? நீங்க பேச வேண்டாம், நின்னா போதும். சாமிக்கு முன்னால ஆடு நிக்கும்லா, அது மாதிரி."

ஆவுடையிடம் ஒற்றைப் பற்றி இன்று சொன்னேன். கையிலிருந்த விடைத்தாள் கட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்தம்மா பட்டறையவா பணயம் வச்சு சூதாடுதிய?" என்றாள்.

நான் பதில் சொல்லியிருப்பேன். மணி அடிப்பதற்கு இங்கே பள்ளிக்கூடம் இல்லை. ஆனாலும் எழுந்து போய்விட்டாள். கதவுக்குப் பக்கத்தில் நின்று, "பொங்கலுக்குப் பொங்கல் அந்த மனுசன் நம்ம வீட்டுக்குப் போன் போடுதாரு. நீங்க எடுக்க மாட்டிய. நாந்தான் எடுத்து, நல்லாருக்காருன்னு பொய் சொல்லுதேன்" என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாளைக்கு என் நினைவே என்னை ஏமாற்றப் பார்க்கும்.

நல்லபெருமாள் தனியாக வந்தான். முடி பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். நான் பிளைவுட் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். வணக்கம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நேரே நாற்காலியிடம் போனான்.

கைப்பிடியைத் தடவினான். முதுகைத் தட்டிப் பார்த்தான். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சின்னத்திடம் குனிந்தான். நான் உளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

வாய்விட்டுப் படித்தான். வகுப்பில் படிப்பது போல, நிறுத்தி.

"அறிவைத்... தேடு."

ஒற்றை அழுத்தித்தான் சொன்னான். கட்டைவிரலால் எழுத்துகளை அ-விலிருந்து தடவிக்கொண்டே வந்தான். த் மேல் விரல் நின்றது. பேனா பிடித்த விரல். மரத்தை எப்படித் தொட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. சட்டென்று ஒரு சிறு சத்தம். புள்ளி தெறித்துப் போய்விட்டது.

வேண்டுமென்றேதான் செய்தான். வேறு எப்படி உடையும்?

இசக்கியம்மாள், "ஐயோ, மூக்குத்தி" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து தேடினோம். முதல்வர், முன்னாள் பேராசிரியர், முதலாளியம்மா. சீவல்களை விலக்கி விலக்கி, கடுகளவு மரப்புள்ளியை. நல்லபெருமாளின் வெள்ளை வேட்டி முழுக்க மரத்தூள். அவன் ஒரு துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அது சீவல்.

"பிரஷர் மாத்திர ஒழுங்கா போடுதியா?" என்று கீழே பார்த்துக்கொண்டே கேட்டான்.

நான் பிளைவுட் அடுக்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன்.

கிடைக்கவில்லை. எழுந்து நின்று வேட்டியைத் தட்டினான். நாற்காலியைப் பார்த்தான். இப்போது அதில் "அறிவைத தேடு" என்று இருந்தது. நிறுவனரின் பிழையைவிடக் கேவலமான பிழை. அதுவும் என் கையால்.

"இப்படியே விட்டா தப்பாயிருமே, கோமதி" என்றான், என் பேரைப் பழையபடி சுருக்கி.

"என்ன சொன்ன?"

"தப்புன்னேன்."

எட்டு ஆண்டுகளாக நான் கேட்கக் காத்திருந்த சொல். அன்றைக்கு விசாரணை மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து அவன் சொல்லியிருக்க வேண்டியது. மரத்தூளில் நின்றுகொண்டு சொல்கிறான்.

"ஏன், வழக்கில் இரண்டும் இல்லையோ?" என்று கேட்டேன்.

"அறிவைத-ன்னு வழக்குல எங்கயும் கிடையாது" என்றான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வழுக்கிக்கொண்டு போவதில் இவனை மிஞ்ச மீனால் முடியாது.

இசக்கியம்மாளுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. வண்டி வாசலில் நின்றது. அவர் உள்ளே போய், நகைப்பெட்டிகளுக்கு அடிக்கிற குட்டிப் பித்தளை ஆணி ஒன்றைக் கொண்டுவந்தார். உருண்டைத் தலை.

"இத அடிச்சிருவோமா சார்? புள்ளி மாதிரியே இருக்கும்."

"முடியாது. சோபாவா இது?"

"அப்ப வேற பலக செதுக்குங்க. வண்டிய நாகர்கோயில்காரன் பட்டறைக்கு விட்டுருதேன்."

அவர் குரலில் விளையாட்டு இல்லை. ஆணியை என் முன்னால் நீட்டினார். நான் வாங்கி, புள்ளி இருந்த இடத்தில் சின்னத் துளை போட்டு, துணி சுற்றிய சுத்தியலால் மெல்லத் தட்டினேன். நின்றது. மஞ்சளாக, பளபளவென்று. தூரத்திலிருந்து பார்த்தால் நாற்காலியில் வேறெதுவும் கண்ணில் படவில்லை; அது ஒன்றுதான்.

"தாளாளர் பாத்தா?" என்றேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்" என்றான் நல்லபெருமாள்.

"என்ன சொல்லுவ?"

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தான்.

"வழக்கில் இரண்டும் உண்டுன்னு."

சுத்தியல் என் கையில்தான் இருந்தது. இசக்கியம்மாள் வந்து அதை வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கண்ணாடி மேசைக்குக் கைப்பிடிக் குமிழ்கள். கோபத்தில் ஒன்றைச் சிறுத்துவிட்டேன்.

கூட்டிப் பெருக்கும் வள்ளியிடம் அன்றைய சீவலை எங்கே கொட்டினாய் என்று கேட்டேன். அடுப்புக்குக் கொண்டுபோனாளாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

அரங்கத் திறப்பு விழா. நான் போகவில்லை. நாற்காலியின் பின்கால் கொஞ்சம் ஆடுமோ என்று சந்தேகம் இருந்ததால் வாசல்வரை போய்ப் பார்த்தேன். வாசலிலிருந்து மேடை சரியாகத் தெரியாததால் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். அவ்வளவுதான்.

கால் ஆடவில்லை.

தாளாளர் உட்காரும் முன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். குனிந்து ஆணியைத் தொட்டார். நல்லபெருமாளிடம் ஏதோ கேட்டார். அவன் அவர் காதருகே ஏதோ சொன்னான். நீளமாகக்கூட இல்லை; மூன்று சொல் இருக்கலாம். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

முடிந்தது. விசாரணை இல்லை, இடைநீக்கம் இல்லை. நான் என் வேலையை, துறையை, முப்பது பேர் கொண்ட வகுப்பின் கடைசி பெஞ்சுவரை எனக்குத் தெரிந்த முகங்களை எல்லாம் கொடுத்த இடத்தில், அவன் ஒரு காதுக்குள் மூன்று சொல்லைப் போட்டு வேலையை முடித்துவிட்டான்.

உட்கார்ந்ததும் அவர் தலை எழுத்துகளை மறைத்துவிட்டது. பேச எழுந்து போனபோதுதான் மறுபடி தெரிந்தன. அந்த ஆணியில் விளக்கு பட்டு மின்னியது. நல்லபெருமாள் அரங்கத்தின் கடைசி வரிசையைத் தேடுவது போலப் பார்த்தான். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

எல்லோருக்கும் நிகழ்ச்சி நிரல் கொடுத்தார்கள். அட்டையில் சின்னம். "அறிவை தேடு." வாசல் வளைவிலும் அதே. மேடைத் திரையிலும் அதே. நாற்காலியில் மட்டும் அறிவைத் தேடு.

பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. இதுவரை அந்தக் கல்லூரியில் பிழை ஒன்றுதான் இருந்தது. வழக்கில் இரண்டும் உண்டு என்று அவன் சொன்னது கலப்பில்லாத பொய். இன்றைக்கு அங்கே ஒற்றில்லாததும் இருக்கிறது, ஒற்றுள்ளதும் இருக்கிறது. ஒரு மெய்யெழுத்தைச் செதுக்கி அவனுடைய பொய்யை நானே மெய்யாக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆவுடை கேட்டாள்: "புள்ளி இருக்கா?"

"எந்தப் புள்ளி? நான் எங்கயும் போகலையே."

"நெத்தியில இருக்க சந்தனம் பெட்டிக்கடையில வச்சு விட்டாங்களா?"

"இருக்கு" என்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இசக்கியம்மாள் பால்கோவா வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார். கதவு, மேசை, மேடைப் பலகை எல்லாம் நமக்கே. முதலில் சொற்பொழிவு மேசை. அதன் முகப்பிலும் சின்னம் வேண்டுமாம்.

"படம் அனுப்பிருக்காங்களா?" என்று கேட்டேன். பழைய படத்தை அனுப்பினால் சண்டை போட ஆயத்தமாக இருந்தேன்.

"படம்லாம் இல்ல. சேர்ல இருக்குற மாதிரியே இருந்தா போதும்னு பிரின்சிபால் சார் சொல்லிட்டாரு. எழுத்து மாறக் கூடாதாம். ஆணியும் வாங்கி வச்சுரட்டா?"

"ஆணி வேண்டாம்."

"பின்ன?"

பின்னே என்ன. மூன்று சொல்லில் வேலையை முடிப்பவனுக்கு நான் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும். இந்தம்மாளுக்கும் சொல்ல வேண்டியதில்லை. பலகையைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். கறுப்பு ரேகை இல்லாத பலகை.

இந்த முறை புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக விட வேண்டும்.